ஒல்லிப் பிள்ளையைக் கொழுக்க வைக்காதீர்கள்

போடியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினால் போதும். எஸ்டேட் வேலைக்குப் போகிறவரானாலும் சரி, ஏலக்காய்க் கமிஷன் கடை வைத்திருப்பவரானாலும் சரி, முதலில் கேட்பது ஒன்றுதான். "என்னத்தா, புள்ள இப்பிடித் துரும்பா இருக்கு? ஒண்ணும் குடுக்கிறதில்லையா?" அந்தக் கேள்வி காதில் விழுந்த மறுநாளே வீட்டில் ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. பால்மாவு டப்பா வருகிறது. பாலில் பிஸ்கட்டைக் கரைத்து ஊட்டுகிறார்கள். ஒரு வயது தாண்டினால் டீக்கடை வடையைப் பிய்த்து வாயில் வைக்கிறார்கள். இரண்டு வயதில் பத்து ரூபாய் பாக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று வயதில் சால்னா ஊற்றிப் பிசைந்த புரோட்டா. கன்னம் உப்பியதும் அக்கம்பக்கத்து வாய் அடைந்துபோகிறது. நமக்கும் அப்பாடா என்றிருக்கிறது.

இந்த 'அப்பாடா'வோடுதான் எனக்குச் சண்டை. நானும் பிள்ளை வளர்க்கிறவள்தான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்தவள்தான். ஆனாலும் உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பிள்ளை தேறுவது வேறு, கொழுப்பது வேறு. எலும்பு நீள வேண்டும், தசை கூட வேண்டும், ரத்தம் ஊற வேண்டும். அதற்குப் பெயர்தான் தேறுவது. கன்னத்திலும் தொப்புளைச் சுற்றியும் கொழுப்பு ஏறுவதைப் பார்த்து, தேறிவிட்டான் என்று நாமே நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். அந்தச் சமாதானத்துக்கான விலையைப் பிள்ளை முப்பது வயதில் சர்க்கரை மாத்திரையாகக் கொடுக்கப்போகிறான்.

தாயின் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த முதல் இரண்டு மூன்று வருடங்களிலும், உடம்புக்குள் எந்தக் கொழுப்பு எவ்வளவு போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்த உடம்பு பிற்காலத்தில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் விதம் அமைகிறது. எலியில், சுண்டெலியில், பெரிய குரங்கில் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"எலிக்கும் எம் பிள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். எலிக்கு மனிதச் சாப்பாட்டைப் போட்டுச் சோதிக்கிற வேலை நம்முடைய இதே மேற்குத் தொடர்ச்சி மலையில்தான், குன்னூரில் நடந்தது. பாஸ்டர் ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918-ல் பெரிபெரி நோயை ஆராயச் சிறியதாக ஒரு பிரிவைத் தொடங்கினார். 1920-களில் அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்துச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு போட்ட கூட்டத்துக்கு முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி. சென்னை மாகாணத்துச் சாப்பாடு போட்ட கூட்டத்துக்குத் தீட்டிய அரிசிச் சோறு, பேருக்குக் கொஞ்சம் பருப்பும் காயும். வளர்த்தியில் சீக்கியக் கூட்டம் முதலில் வந்தது. நம் கூட்டம் கடைசி.

கவனியுங்கள், முதலில் வந்த கூட்டத்துக்கு வெண்ணெய் உண்டு. கொழுப்பே கூடாது என்று அந்த எலிகள் சொல்லவில்லை. அந்தக் கொழுப்பு பாலோடும் பருப்போடும் காயோடும் சேர்ந்து வந்ததால் உடம்பை வளர்த்தது. இன்னொரு கூட்டத்துக்கு மெக்காரிசன் அந்தக் காலத்து இங்கிலாந்து ஏழையின் சாப்பாட்டைப் போட்டார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின் என்ற செயற்கை வெண்ணெய், சர்க்கரை போட்ட டீ, டப்பா இறைச்சி. அந்த எலிகள் வளர்த்தி குன்றி, நோயில் விழுந்து, கடைசியில் ஒன்றையொன்று கடித்துக் கொல்ல ஆரம்பித்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குப் பஸ் ஸ்டாண்டில் நாம் வாங்கித் தருகிற க்ரீம் பன்னையும் டீயையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குன்னூரில் தொடங்கிய அந்தச் சிறு பிரிவுதான் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நாட்டுக்கே சாப்பாட்டு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறது. ஆகவே எலி என்று இளக்காரமாக நினைக்காதீர்கள்.

இனி கொழுப்புக்கு வருகிறேன். நியூயார்க்கில் ஜெரோம் நிட்டில், ஜூல்ஸ் ஹிர்ஷ் என்ற இருவர் 1968-ல் வெளியிட்ட ஒரு சோதனை. செய்த காரியம் மிக எளிது. புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளைக் கலந்து, சில தாய்களிடம் 4 குட்டிகளை மட்டும் விட்டார்கள். சில தாய்களிடம் 22 குட்டிகளை விட்டார்கள். நாலு குட்டி உள்ள தாயிடம் ஒவ்வொன்றும் வயிறு முட்டக் குடித்தது. இருபத்திரண்டு உள்ள இடத்தில் அடிபிடி, அரை வயிறு. மூன்று வாரத்தில் பால் மறக்கடித்து, அதற்கப்புறம் எல்லாக் குட்டிக்கும் ஒரே தீனி, வேண்டிய மட்டும். இனிமேல் சமமாகிவிடும் என்றுதானே நினைப்போம்? ஆகவில்லை. வளர்ந்தபின் கொழுப்புத் திட்டை எடுத்துச் செல்களை எண்ணிப் பார்த்தார்கள். சின்ன வயதில் முட்டக் குடித்த எலிகளுக்குக் கொழுப்புச் செல்கள் அதிகம், ஒவ்வொன்றும் பெரிது. பட்டினியில் வளர்ந்தவற்றுக்குக் குறைவு. மூன்று வாரத்துச் சாப்பாடு விட்டுப்போன வித்தியாசத்தை, பின்னால் வந்த மாதக்கணக்கான தீனியால் அழிக்க முடியவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஏலக்காய்க் குடோன் போதும். கொழுப்புச் செல்லைச் சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் குறைந்த மாதத்தில் சாக்கு மடிந்து கிடக்கும்; காய் இறங்கியதும் உப்பி நிற்கும். காலியானதால் சாக்கின் எண்ணிக்கை குறைவதில்லை. மனித உடம்பிலும் அப்படித்தான் என்பதை ஸ்டாக்ஹோமில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் 2008-ல் காட்டினார்கள். கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலுமே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பெரியவர்களிடம் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு எடையை இறக்கியவர்களிடம்கூட, இரண்டு வருடம் கழித்து எண்ணினால் செல்கள் குறையவில்லை, சிறுத்திருந்தன, அவ்வளவுதான். எந்த வயதில் பிறந்த செல் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பன், சாப்பாடு வழியாக எல்லார் உடம்பிலும் ஏறியிருந்தது. அந்த அளவை வைத்துச் செல்லின் வயதைக் கணக்குப் போட்டார்கள்.

"சின்னப் புள்ளையில குண்டா இருந்தா வளர வளரக் கரைஞ்சிரும்" என்று அம்மாச்சிகள் சொல்வதைக் கேட்டு எத்தனை பேர் சும்மா இருக்கிறோம்! அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பபூன் குரங்குக் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து 16 வாரம் புட்டிப்பாலில் வளர்த்தார்கள். சிலவற்றுக்கு நீர்த்த பால், சிலவற்றுக்குச் சரியான பால், சிலவற்றுக்குச் சத்தை ஏற்றிக் கெட்டியாக்கிய பால். பால் மறந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே தீனி. ஐந்து வயதில், அதாவது அந்தக் குரங்குகள் குமரியாகிற பருவத்தில் பார்த்தால், கெட்டிப்பால் குடித்த பெண் குரங்குகள் மற்றவற்றைவிட வெகுவாகக் கொழுத்திருந்தன. 1986-ல் வந்த ஆய்வு இது. நிட்டில், ஹிர்ஷ் சொன்னதுபோல் இங்கே செல்லின் எண்ணிக்கை கூடவில்லை. இருந்த செல்களே பெருத்திருந்தன. வழி எதுவானாலும், நாலு மாதத்துப் பாலின் கணக்கு ஐந்தாம் வயதில் வந்து நின்றது. பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

"எம் பிள்ளை குண்டே இல்லையே, நோஞ்சான்தானே, அவனுக்குக் குடுத்தா என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். நான் இவ்வளவும் எழுத வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

புனேயில் கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், 1993 முதல் சுற்றுவட்டாரக் கிராமத்துத் தாய்களையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து வருகிறார். அந்தத் தாய்மாரும் நம் பெண்களைப் போலத்தான். மெலிந்த உடம்பு, காட்டு வேலை. அவர்கள் பெற்ற பிள்ளைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஊர்க் குழந்தைகளின் சராசரி 3.5 கிலோ. முக்கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம். குறைந்தது எது என்று அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தசை குறைந்திருந்தது, வயிற்றுப் பகுதி சிறுத்திருந்தது. தோள்பட்டைக்குப் பின்னால் தோலை மடித்து அளக்கிற கொழுப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பார்வைக்கு எலும்பும் தோலும். உள்ளுக்குள் விகிதத்தில் கொழுப்பு கூடுதல். ஒல்லியும் கொழுப்புமாக ஒரே உடம்பு. 2003-ல் இது வெளியானது. அடுத்த வருடம் யாஜ்னிக், தம்மையும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து லான்செட் இதழில் போட்டார். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

நம் நோஞ்சான் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இப்படிப் பிறந்தவர்கள்தான். அவனுக்கு இல்லாதது தசை. நாம் கொடுப்பதோ, பொரித்த எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும். தசைக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே கொழுப்பைப் பிடித்துவைக்கப் பழகி வந்த உடம்புக்கு இன்னும் கொழுப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைக் குழந்தையிலிருந்து தொடர்ந்து எடை போட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் முப்பதை நெருங்கும்போது ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். சர்க்கரை வந்தவர்களும், வரும் நிலையில் இருந்தவர்களும் யார்? இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்து, அதன்பின் மளமளவென்று உடம்பு போட்டவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவரைக்கூடக் குண்டு என்று சொல்லியிருக்க முடியாது! 2004-ல் வெளியான இந்த ஆய்வின் பெரிய பாடம் அதுதான். வேலூர் சி.எம்.சி.யும் அதே காலத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. அங்கும் சின்ன வயது ஒல்லியும் பின்னால் ஏறிய எடையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் சிக்கல் தெரிந்தது.

இன்னொன்று. யாஜ்னிக்கும் மற்றவர்களும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில் எலிகளை 50 தலைமுறை அரைப்பட்டினியில் வளர்த்திருந்தார்கள். அவற்றுக்கு எடை குறைவு, ஆனால் இன்சுலின் தாறுமாறு, உள்வயிற்றில் கொழுப்பு. பிறகு இரண்டு தலைமுறைக்கு வயிறார நல்ல தீனி போட்டார்கள். சரியாகவில்லை. தாத்தா பாட்டி காலத்தில் பஞ்சத்துக்கு மலையேறிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்தப் பசி நம் பிள்ளைகளின் உடம்பில் இன்னும் இருக்கலாம். அதை ஒரே வருடத்தில் வடையாலும் புரோட்டாவாலும் தீர்த்துவிடப் பார்க்காதீர்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது கைக்குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கப் போனால் அது பெரிய அநியாயம். தாய்ப்பாலில் உள்ள கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. மூளை கட்டுவதற்கே கொழுப்பு வேண்டும். இரண்டு வயதுக்குள் பாலை ஆடை எடுத்துக் கொடுப்பது, சோற்றில் நெய்யே விடாமல் ஊட்டுவது, இதெல்லாம் வேண்டாம். பருப்புச் சோற்றில் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். எந்தக் கொழுப்பு, எதோடு சேர்த்து, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எந்தக் கொழுப்பு என்பதற்கும் சுண்டெலிகள் பதில் சொல்லியிருக்கின்றன. பிரான்ஸில் ஜெரார் ஐலோ குழுவினர் 2003-ல் வெளியிட்ட சோதனை அது. இரண்டு கூட்டம் தாய்ச் சுண்டெலிகளுக்கும் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒமேகா 6 கொழுப்பு மட்டும் மிகுந்தது. மறு கூட்டத்துக்கு அதோடு ஒமேகா 3 கொழுப்பும் கலந்தது. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் இதே தீனிதான். பால் மறந்து ஒரு வாரத்தில் முதல் கூட்டத்துக் குட்டிகள் மறு கூட்டத்தைவிட 40 சதவீதம் எடை கூடியிருந்தன. 2010-ல் அதே ஆய்வாளர்கள் நாலு தலைமுறை தொடர்ந்து அத்தகைய தீனி போட்டபோது, கொழுப்பு தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போனது. மனிதர்களிடம் இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெர்மனியின் மியூனிக்கில் கர்ப்பிணிகளுக்கு மீன் எண்ணெய்ச் சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வயதில் குழந்தைகளின் கொழுப்பில் வித்தியாசம் இல்லை. ஆகவே கடையில் மாத்திரை வாங்கப் போகாதீர்கள். நான் சொல்வது அடுப்படி விஷயம்.

நம் அடுப்படியில் என்ன இருக்கிறது? ரேஷனில் கார்டுக்கு ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய். அது தீர்ந்தால் பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய். முன்னது பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. பின்னது பெரும்பகுதி ஒமேகா 6. இரண்டிலும் ஒமேகா 3 இல்லையென்றே சொல்லலாம். இவை விஷம் என்று நான் சொல்லவில்லை. இவையே கதி என்று இருப்பதைத்தான் சொல்கிறேன். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், காய்ச்சிய எண்ணெயைத் திரும்பக் காய்ச்சாதீர்கள் என்றுதான் சொல்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதில் நமக்கு என்ன கஷ்டம்? கேரளாவிலிருந்து இறங்கி வரும் மத்தி மீன், விலை மலிந்த நாளில் ஏழைக்கும் எட்டுகிறது. ஒமேகா 3-க்கு அதைவிட நல்ல சாமான் நம் சந்தையில் இல்லை. மீன் தொடாத வீட்டில் பருப்புக்கீரை இருக்கிறது, ஆளிவிதை இருக்கிறது. ஆனால் நாம் மத்தியைச் 'சீ, முள்ளு' என்று தள்ளிவிட்டுப் பாக்கெட்டை வாங்குகிறோம்.

அந்தப் பாக்கெட்டைத் திருப்பி ஒரு தடவையாவது படித்திருக்கிறீர்களா? பின்பக்கம், ஓரத்து ஒட்டுக்கு அடியில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருக்கும். உருளைக்கிழங்கு, அடுத்த வார்த்தை பாமோலின் எண்ணெய், அடுத்தது உப்பு. கீழே கட்டத்தில் நூறு கிராமுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று போட்டிருக்கும். வறுவல் பாக்கெட்டில் அது முப்பதைத் தாண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி, பால்பல் முளைத்த பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். காலையில் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் போடுகிறது. மத்தியானம் முட்டையோடு சோறு போடுகிறது. பால்வாடியில் சத்துமாவு பாக்கெட் கொடுக்கிறார்கள். அந்த மாவை மாட்டுத் தொட்டியில் கொட்டுகிற வீடுகளும் இருக்கின்றன, இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். மாட்டுக்குப் போகிற மாவில் கடலையும் பயறும் இருக்கிறது. பிள்ளைக்குப் போகிற பாக்கெட்டில் பாமோலின் இருக்கிறது.

நாடு முழுவதும் 2016 முதல் 2018 வரை நடந்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், ஐந்திலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு கூடுதலாக இருந்தது. ஒன்பது வயதில்! நம் அப்பாமார்களுக்கு ஐம்பது வயதில் லேப்காரர் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்த எண் அது.

அடுத்து, பால்மாவு டப்பா. தாய்ப்பாலில் கொழுப்பு பெரிய பெரிய துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய ஒரு சவ்வில் பொதிந்து மிதக்கிறது. டப்பா மாவில் அந்தத் துளிகளை இயந்திரத்தில் அடித்துப் பொடித்திருப்பார்கள், சவ்வும் கிடையாது. இதனால் ஏதும் வித்தியாசம் உண்டா என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுண்டெலிக் குட்டிகளில் பார்த்தார்கள். பதினாறாம் நாளிலிருந்து நாற்பத்திரண்டாம் நாள்வரை, ஒரு கூட்டத்துக்குச் சிறுதுளிக் கொழுப்பு. இன்னொன்றுக்குத் தாய்ப்பாலைப் போலப் பெருந்துளி, மேலே பூச்சும் உண்டு. பிறகு எல்லாவற்றுக்கும் கொழுப்பு மிகுந்த ஒரே தீனி. வளர்ந்தபின் பெருந்துளிக் கூட்டத்தில் கொழுப்பு குறைவாகச் சேர்ந்திருந்தது. துளியின் அளவுகூட உடம்பில் கணக்காகிறது. தாய் இல்லாத குழந்தைக்கும், டாக்டர் எழுதிக் கொடுத்த குழந்தைக்கும் டப்பா வேண்டும்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பால் சுரக்கிற தாய், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று டப்பா வாங்கக் கிளம்புவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1992-லேயே நம் நாட்டில் பால்மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாதென்று சட்டம் போட்டுவிட்டார்கள். விளம்பரத்தை இப்போது நாமே வாய்வழியாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

வேலைக்குப் போகிற தாயின் சங்கடம் எனக்குத் தெரியும். விடிகாலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தால் நின்று பேச நேரம் இல்லை. முந்தல் தாண்டி, போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறைக்கோ சாந்தன்பாறைக்கோ போய்க் காய் எடுத்துவிட்டு அந்தி சாயத்தான் திரும்ப முடியும். மார் கட்டி, சேலை நனைந்து, ஏலச்செடிக்கு நடுவில் குனிந்து நிற்கிற பெண்ணிடம் போய்த் தாய்ப்பால் மகிமை பேசுகிறவர்கள், அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் வீட்டில் இருக்க வழி செய்தீர்களா என்று முதலில் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும். எஸ்டேட் வைத்திருக்கிற போடிக்காரர்களே, நீங்களும் பெற்றோர்தான். ஐம்பது பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவைத்தது. ஜீப்பில் வந்து போகிற பெண் கணக்கில் வரமாட்டாள் என்று நழுவாதீர்கள். வீட்டில் பிரிட்ஜ் இருந்தால், கையைக் கழுவி, கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். ஒரு நாள் தாங்கும். அம்மாச்சி அதைக் கரண்டியில் புகட்டட்டும். புட்டி வேண்டாம்.

அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது என்ன சாப்பிடுகிறாள் என்று பார்க்கிற புருஷன் எத்தனை பேர்? தூக்குவாளியில் பழைய சோறும் ஊறுகாயும்; மலையில் டீக்கடை வடையோ பழம்பொரியோ. புனேயில் யாஜ்னிக் பார்த்த தாய்களில், கர்ப்பத்தில் பாலும் கீரையும் பழமும் சாப்பிட்டவர்கள்தான் நல்ல எடையுள்ள பிள்ளை பெற்றார்கள். மேல்சோறு போட்டு வயிற்றை நிரப்பியதால் மட்டும் அது நடக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மகாக் குரங்குகளுக்குக் கர்ப்பத்தில் கொழுப்பு மிகுந்த தீனி போட்டபோது, தாய் குண்டாகாவிட்டாலும் கருவிலிருந்த குட்டியின் ஈரலில் மூன்று மடங்கு கொழுப்பு ஏறியிருந்தது. அதே தாயை அடுத்த கர்ப்பத்தில் நல்ல தீனிக்கு மாற்றினார்கள். குட்டியின் ஈரல் ஓரளவு தேறியது. 2009-ல் வந்த ஆய்வு அது. முதல் பிள்ளைக்குத் தவறவிட்ட வீடுகள் இரண்டாம் பிள்ளைக்காவது திருந்தலாம் என்பதற்கு அதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியவில்லை.

மாமியார்மார்களுக்கும் அம்மாச்சிமார்களுக்கும் மரியாதையோடு ஒரு வார்த்தை. பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவர்கள் நீங்கள்தான். உங்கள் கை மாறாமல் எதுவும் மாறாது. அழுதால் பாக்கெட் என்று பழக்காதீர்கள். இரண்டு வயதுவரை சர்க்கரையே சேர்க்க வேண்டாம் என்று ஹைதராபாத்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பாலில் போடுகிற இரண்டு கரண்டிச் சர்க்கரையை நிறுத்துங்கள். அவித்த முட்டை, குழைந்த பருப்பு, கேழ்வரகுக் கூழில் ஒரு துளி நெய், முள் எடுத்து மசித்த மத்தி. பிள்ளை முதல் நாள் துப்பும். பத்து நாள் ஊட்டினால் வாங்கிக்கொள்ளும்.

அடுத்த முறை பால்வாடியில் எடை போடும் நாளில் எடையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள், இரண்டையும் அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். எடை ஏறி உயரம் ஏறாமல் நின்றால், கன்னம் எவ்வளவு உப்பியிருந்தாலும் டீச்சரிடம் காரணம் கேளுங்கள்; அங்கே பதில் கிடைக்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியில் யாராவது நிறுத்தி, "புள்ள ஏன் இப்பிடி இருக்கு?" என்று கேட்டால், "வளந்துக்கிட்டிருக்கான் மதினி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.